பச்சை பட்டனுக்கு முன்னால் சிவப்பு பட்டன்

பழைய சி.என்.சி. மில்லிங் மெஷினை வாங்கி ஓட்டத் துணிந்த கோவைப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கம் ஜாப் ஆர்டர் எடுத்து நடத்தும் அண்ணன்மார்களே, தம்பிகளே,

பெரிய கம்பெனிகள் 90-களில் வாங்கிப் போட்ட மில்லிங் மெஷின்களை ஒவ்வொன்றாகக் கழித்துவிடுகின்றன. நீங்கள் ஏலத்தில் எடுத்து, கிரேன் வைத்துத் தூக்கி, உங்கள் ஷெட்டுக்குள் இறக்குகிறீர்கள். புது வி.எம்.சி.க்குக் கடன் வாங்கி மாதாமாதம் தவணை கட்டுவதற்கு இது எவ்வளவோ மேல் என்பது உங்கள் கணக்கு. கணக்கில் தப்பில்லை. பிறகு வயரிங்கை மாற்ற என்னைப் போன்ற ஆட்களைக் கூப்பிடுகிறீர்கள். பேனல் கதவைத் திறந்து டார்ச் அடிப்பதற்குள் கேள்வி வந்துவிடும்: "எப்பங்க ஓடும்?"

அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்த மடல். ஓட்டிக் காட்டுவது எங்களுக்குப் பெரிய வித்தை இல்லை. நாலு வயரை நேராக அடித்து, கேட்காத சுவிட்சையெல்லாம் கட் செய்துவிட்டால் ஸ்பிண்டில் சுற்றும், டேபிள் நகரும், நீங்களும் தேங்காய் உடைப்பீர்கள். எந்த வயர் அறுந்தாலும், எந்தச் சுவிட்சுக்குள் கூலண்ட் இறங்கினாலும், யார் கை உள்ளே இருந்தாலும், சொன்ன இடத்தில் நிற்கும்படி செய்வதில்தான் எங்கள் நாட்கள் போகின்றன. நீங்கள் பேரம் பேசுவதும் சரியாக அந்த நாட்களுக்குத்தான்.

முதலில் இரும்பு. வயரிங் ஆள் இரும்பைப் பற்றிப் பேசுவது உங்களுக்கு வினோதமாக இருக்கலாம். தேறாத இரும்புக்கு நேர்த்தியாக வயர் இழுத்துக் கொடுத்து, ஆறு மாதத்தில் அது காயலான் கடைக்குப் போவதைப் பார்க்க எனக்கும் பிடிக்காது. ஸ்லைடு கவரைக் கழற்றுங்கள். ஸ்கிரேப்பிங் செய்த பிறை பிறையான தடங்கள் இன்னும் கண்ணுக்குத் தெரிகின்றனவா, அல்லது டேபிள் அதிகம் ஓடிய நடுப்பகுதி மட்டும் மழுமழுவென்று தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மேக்னட் ஸ்டாண்டில் டயலை மாட்டி, பெல்ட் பக்கமாகப் பால்ஸ்குரூவைக் கையால் திருப்புங்கள். திசை மாற்றும்போது டேபிள் நகரத் தொடங்கும் முன் எவ்வளவு சும்மா சுற்றுகிறது என்று கை சொல்லிவிடும். கொஞ்சநஞ்சம் இருந்தால் கண்ட்ரோலரில் பேக்லாஷ் அளவு கொடுத்துச் சமாளிக்கலாம். அதிகமானால் நட்டையோ பேரிங்கையோ மாற்றியாக வேண்டும். நீள வாக்கில் ஓர் இடத்தில் ஒன்றும் இன்னோர் இடத்தில் வேறொன்றுமாகக் காட்டினால் ஸ்குரூவே தேய்ந்திருக்கிறது, அதை எந்த பாராமீட்டராலும் மறைக்க முடியாது. ஸ்பிண்டில் டேப்பரில் நீல மை தடவி மாஸ்டரை வைத்துப் பாருங்கள். இவ்வளவும் தேறினால் என்னைக் கூப்பிடுங்கள்.

நல்ல வார்ப்பிரும்பு, எண்ணெய் கிடைத்த வரைக்கும், முப்பது வருடத்தில் கெட்டுப்போவதில்லை. கெடுவது அதன் மேல் ஓடுகிற மின்சாரச் சாமான்தான். பி.வி.சி. வயரை மிருதுவாக வைத்திருக்கும் சரக்கு சூட்டிலும் கூலண்ட் எண்ணெயிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, வயர் விறைத்துப் போகும். வளைத்தால் தோல் வெடிக்கும். டிரைவுக்குள் இருக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் வற்றும், சிலது ஒழுகும். 80-களின் கடைசி, 90-களின் போர்டுகளில் ஒழுகிய கெப்பாசிட்டர் மேல் சால்டரிங் அயர்ன் பட்டதும் மீன் கவுச்சி அடிக்கும். அந்த வாடை வந்தால் அந்த போர்டில் உள்ள எல்லாக் கெப்பாசிட்டரையும் மாற்று என்று அர்த்தம். ரிலேயின் கான்டாக்ட் கருகும். டிரான்ஸ்பார்மர் மட்டும் பெரும்பாலும் கல்லுக்குண்டாக இருக்கும்.

பழைய இரும்பை வைத்துக்கொண்டு மின்சாரத்தை மட்டும் புதிதாகப் போடுவது, அதாவது இரும்பு ஒருவர், மூளை இன்னொருவர் என்ற ஏற்பாடு, இன்றைக்கு நேற்று வந்ததல்ல. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் சர்வோமெக்கானிசம்ஸ் லேபரட்டரியில் 1952-இல் காட்டப்பட்ட முதல் என்.சி. மில்லிங் மெஷினையே எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பு, விமானப்படை கழித்துவிட்ட ஒரு சின்சினாட்டி ஹைட்ரோடெல். அதற்கு நூற்றுக்கணக்கான வால்வுகளும் ரிலேக்களும் கொண்ட ஒரு கண்ட்ரோல் அலமாரியைக் கட்டி, துளையிட்ட காகித நாடாவால் ஓட்டினார்கள். உலகின் முதல் என்.சி. மெஷினே ஒரு ரெட்ரோஃபிட்தான். ஆகவே பழைய மெஷினுக்குப் புது வயரிங் போடுவதைக் கௌரவக் குறைச்சலாக யாரும் நினைக்க வேண்டாம்.

ஏல மெஷினில் முதல் அவசரம் பேட்டரி. நம் பக்கம் அதிகம் வருவது 80-களின் நடுவில் வந்து 90-கள் முழுக்க ஓடிய ஃபேனக் ஜீரோ எம் கண்ட்ரோலர். அதன் பாராமீட்டர்கள், அதாவது எந்த ஆக்சிஸ் எவ்வளவு தூரம் போகலாம், பேக்லாஷ் எவ்வளவு, ஹோம் எங்கே, எந்த ஆப்ஷன் திறந்திருக்கிறது என்பவை எல்லாம் பேட்டரி தாங்கும் மெமரியில்தான் இருக்கும். பேட்டரி என்றதும் பயப்படாதீர்கள், டார்ச்சில் போடுகிற பெரிய செல் மூன்று. அவற்றை மெஷின் ஆனில் இருக்கும்போது மாற்ற வேண்டும். கரண்டை நிறுத்திவிட்டுப் பழைய செல்லைக் கழற்றினால் மெமரி காலி. ஏலம் விட்டவர் மெயினைப் பிடுங்கி, மெஷினை மழைக்காலம் முழுக்கக் குடோனில் போட்டிருந்தால், நீங்கள் வாங்கும்போதே அது காலியாகத்தான் இருக்கும். லேடர் புரோகிராம் ஈப்ரம் சில்லில் இருப்பதால் தப்பித்துவிடும். பாராமீட்டர் தப்பாது.

அதனால் ஏலத்துக்குப் போகும்போது பேனல் கதவின் உள்பக்கத்தைப் பாருங்கள். மெஷின் கட்டியவர்கள் பாராமீட்டர் பட்டியலை அச்சடித்து ஒரு கவரில் போட்டு அங்கே ஒட்டியிருப்பார்கள். மஞ்சளாகி, எண்ணெய்க் கறை பட்டு, ஓரம் கரையான் அரித்து இருந்தாலும் பரவாயில்லை. அந்தத் தாள் இருக்கிற மெஷினுக்குக் கொஞ்சம் கூடவே விலை கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம். விற்பவரிடத்தில் மெஷின் இன்னும் கரண்டில் இருந்தால், 25 பின் ஆர்.எஸ். 232 கனெக்டரில் லேப்டாப்பை மாட்டி எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு பிறகு மெயினில் கை வையுங்கள். லாரிக்காரர் காத்திருக்கட்டும்.

இனி பேனல். பேனல் என்று நான் சொல்வது பலருக்கு வயர் நிரம்பிய இரும்புப் பெட்டி. எனக்கு அது அந்த மெஷினோடு முப்பது வருடம் புழங்கியவர்கள் அத்தனை பேரின் கையெழுத்து. தொழிற்சாலையில் போட்ட வயரில் நம்பர் குழல் இருக்கும், முனையில் லக் அடித்திருக்கும். பிறகு வந்தவர்கள் போட்ட வயர் நிறம் மாறி, நம்பர் இல்லாமல், டெர்மினலின் ஒரே ஓட்டையில் மூன்றாவது ஆளாக நுழைந்திருக்கும். கறுப்பு டேப் சுற்றிய முடிச்சுகள் டக்டுக்குள் ஒளிந்திருக்கும். ஒரு பேனலில் எலிக்கூடு கண்டேன், உள்ளே பருத்தி வேஸ்டும் கடித்துத் துப்பிய சிவப்பு வயர்த் தோலும். ஆயுத பூஜைக்குக் கதவின் வெளியே சந்தனப் பொட்டு வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சிலர் கதவைத் திறந்து கான்டாக்டர் மேலேயே விபூதி தூவிவிடுகிறார்கள். தெய்வம் கோபித்துக்கொள்ளாது, கான்டாக்டர் கோபித்துக்கொள்ளும்.

இவற்றில் நான் முதலில் தேடுவது ஜம்பரை. இரண்டு டெர்மினலுக்கு நடுவே விரல் நீளத்தில் ஒரு வயர்த் துண்டு. ஏதோ ஒரு சுவிட்ச் வேலை செய்யவில்லை, மறுநாள் டெஸ்பாட்ச், ராத்திரி ஷிஃப்ட் நிற்கக்கூடாது, "இப்போதைக்கு" என்று யாரோ போட்டது. போட்டவர் வேலையை விட்டுப் போயிருப்பார். துண்டு அங்கேயே இருக்கும்.

ஒரு மெஷினில் அப்படி ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு போனேன். டிராயிங் இல்லாததால் டெஸ்டர் வைத்துப் பெல் அடித்து அடித்துத்தான் போக வேண்டியிருந்தது. அது லூப்ரிகேஷன் டேங்கின் லெவல் சுவிட்சில் போய் முடிந்தது. டேங்கைத் திறந்தால் அடியில் தார் மாதிரி ஒரு படிவம், மிதவை அதில் ஒட்டிக்கொண்டு மேலே வர மாட்டேன் என்கிறது. எண்ணெய் இருந்தும் "எண்ணெய் இல்லை" என்று அலாரம் வந்திருக்கும், யாரோ அதன் வாயை அடைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு நிஜமாகவே எண்ணெய் தீர்ந்தபோதும் மெஷின் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்லைடைக் கழற்றிப் பார்த்தோம். எக்ஸ் ஆக்சிஸின் ஒரு பக்கம் நகம் மாட்டுகிற அளவுக்குக் கீறல். வார்ப்பிரும்பு கெடாது என்று மேலே சொன்னேன், எண்ணெய் கிடைத்த வரைக்கும் என்றும் சொன்னேன். நாலணா வயர்த் துண்டு ஒன்று டன் கணக்கான இரும்பைத் தின்றிருந்தது. மிதவையைக் கழுவி, டேங்கைத் துடைத்து, 68 நம்பர் ஸ்லைடுவே ஆயில் ஊற்றி, ஒவ்வொரு பாயிண்டிலும் சொட்டு வருகிறதா என்று பார்ப்பது ஒரு மதிய வேலை. அதை அன்றைக்கே செய்திருந்தால் ஸ்கிரேப்பிங் செலவு மிச்சம்.

ஆகவே வயரிங் ஆளிடம் ஜம்பர்களின் கணக்கைக் கேளுங்கள். எத்தனை இருந்தன, எதெது எதற்கு, எதெல்லாம் எடுக்கப்பட்டன என்று. டோர் சுவிட்சின் ஜம்பரை எடுக்கும்போது உங்கள் ஆபரேட்டர் முகம் சுளிப்பார், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டிப் பழகியவர். அந்தப் பஞ்சாயத்தை நீங்கள்தான் தீர்க்க வேண்டும். என்னால் முடியாது.

இப்போது சிவப்பு பட்டன். எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் எல்லா மெஷினிலும் இருக்கிறது, அமுக்கினால் நிற்கிறது, இதில் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அமுக்கினால் நிற்கிறது என்பது இன்றைய செய்தி. நாளைக்கும் நிற்குமா என்பதை பட்டனுக்குப் பின்னால் இருக்கும் வயரிங்தான் தீர்மானிக்கும்.

415 வோல்ட்டை 110 ஆக இறக்கும் கண்ட்ரோல் டிரான்ஸ்பார்மர் பழைய பேனல் பெரும்பாலானவற்றில் உண்டு. அதன் 110 பக்கத்தில் இரண்டு முனைகள். ஒன்றை எர்த்தோடு இணைத்தாக வேண்டும். கான்டாக்டர் காயில்கள் எல்லாவற்றின் ஒரு கால் நேராக அந்த எர்த் ஆன முனைக்கு வர வேண்டும். பட்டன், லிமிட் சுவிட்ச், ரிலே கான்டாக்ட் எதுவானாலும் ஃபியூஸ் உள்ள மறுமுனைப் பக்கம்தான் இருக்க வேண்டும். பல பேனல்களில் இந்த எர்த் இணைப்பைக் கழற்றி விட்டிருக்கிறார்கள். காரணம் கேட்டால், "அது இருந்தா அடிக்கடி ஃபியூஸ் போகுதுங்க."

ஃபியூஸ் போகத்தான் வேண்டும். எர்த் இல்லாமல் மிதக்க விட்ட பேனலில் என்ன நடக்கும் என்று பாருங்கள். ஸ்டாப் பட்டனுக்கு முந்திய வயர் ஒன்று, கூலண்ட் ஊறிய ஜங்ஷன் பாக்சுக்குள் தோல் வெடித்து பாடியில் தொடுகிறது. ஒன்றும் ஆகாது. ஃபியூஸ் போகாது, மெஷின் ஓடும், யாருக்கும் தெரியாது. சில மாதம் கழித்துப் பட்டனுக்குப் பிந்திய வயரும் வேறோர் இடத்தில் பாடியைத் தொடுகிறது. இப்போது கரண்ட் மெஷினின் உடம்பு வழியாகவே பட்டனைச் சுற்றிக்கொண்டு காயிலுக்குப் போய்விடும். சிவப்பு பட்டனை அமுக்குவீர்கள், கான்டாக்டர் விடாது. எர்த் செய்திருந்தால் முதல் பழுதிலேயே ஃபியூஸ் போய் மெஷின் நின்றிருக்கும். நீங்கள் வயர்மேனைத் திட்டிக்கொண்டே ஜங்ஷன் பாக்சைத் திறந்திருப்பீர்கள், அவ்வளவோடு போயிருக்கும்.

இதே காரணத்தால்தான் ஸ்டாப் பட்டனும் லிமிட் சுவிட்சும் அமுக்காதபோது மூடியிருக்கும் கான்டாக்டில், அதாவது என்.சி.யில் (நார்மலி குளோஸ்டு) போடப்படுகின்றன. வயர் அறுந்தால் நிற்க வேண்டும். ஆபத்தை வயர் வந்து சொல்லட்டும் என்று காத்திருக்கும் சர்க்கியூட், வயர் அறுந்த அன்றைக்கு ஊமை. மெயின் கான்டாக்டரின் கான்டாக்ட் ஒட்டிக்கொள்வதும் நடக்கும். அதற்காகத்தான் இரண்டு கான்டாக்டரை வரிசையில் போட்டு, ஒன்று ஒட்டிக்கொண்டால் அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாதபடி ஒரு சேஃப்டி ரிலே வைக்கிறோம். கொட்டேஷனில் நீங்கள் கோடு போட்டு அடிக்கும் முதல் வரி அதுதான்.

இன்னொன்று. கரண்டை வெட்டுவதும் நிறுத்துவதும் ஒன்றாகாது. 6,000 ஆர்.பி.எம்.மில் சுற்றும் ஸ்பிண்டிலுக்குக் கரண்டை வெட்டினால் அது தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். டிரைவே பிரேக் பிடித்து நிறுத்தி, நின்ற பிறகு கரண்ட் போக வேண்டும். சர்வோவுக்கும் அப்படியே. இசட் ஆக்சிஸ் அதற்கு நேர் எதிர்: கரண்ட் போனால் ஹெட் தன் எடையிலேயே இறங்கும். அதைப் பிடிக்க மோட்டாருக்குள் ஸ்பிரிங் பிரேக் இருக்கிறது. கரண்ட் இருக்கும்வரை காயில் அந்த ஸ்பிரிங்கை இழுத்து வைத்திருக்கும், போனதும் ஸ்பிரிங் பிடிக்கும். டி.சி. காயில் என்றாலே குறுக்கே ஒரு டயோடு போடுவது எங்கள் கைப்பழக்கம், ரிலே கான்டாக்ட் கருகாமல் இருக்க. பிரேக் காயிலுக்கு மட்டும் அந்தப் பழக்கம் ஆகாது. டயோடு இருந்தால் காயிலில் கரண்ட் மெதுவாக வடியும், பிரேக் தாமதித்துப் பிடிக்கும், அதற்குள் ஹெட் கீழே வந்துவிடும். அங்கே வேரிஸ்டர் போட வேண்டும். சோதிப்பது சுலபம். டேபிளில் டயலை நிறுத்தி, முள்ளை ஸ்பிண்டில் மூக்கில் தொடவைத்து, சிவப்பு பட்டனை அமுக்குங்கள். முள் எவ்வளவு நகர்கிறது என்று நீங்களே நின்று பாருங்கள். டயோடோடு ஒரு முறை, வேரிஸ்டரோடு ஒரு முறை. ஜாபுக்குள் கட்டர் நிற்கும்போது ஈ.பி. போனால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

வயரிங் சாமான் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம்மூரில் ஆர், ஒய், பி என்று சிவப்பு, மஞ்சள், நீலம் போட்டுப் பழகியவர்கள் மெஷின் பேனலில் தடுமாறுவார்கள். மெஷின்களுக்கான ஐ.இ.சி. 60204-1 தரத்தில் கணக்கு வேறு: பவருக்குக் கறுப்பு, ஏ.சி. கண்ட்ரோலுக்குச் சிவப்பு, டி.சி. கண்ட்ரோலுக்கு நீலம், மெயினை ஆஃப் செய்த பிறகும் வெளியிலிருந்து கரண்ட் வரும் வயருக்கு ஆரஞ்சு. 24 வோல்ட் டி.சி. ஓட வேண்டிய நீல வயரில், பி ஃபேஸ் என்று நினைத்து யாராவது 415-ஐக் கொடுத்தால் கண்ட்ரோலர் போர்டு போய்விடும். எந்த முறையை எடுத்தாலும் முழு மெஷினுக்கும் அதையே எடுங்கள், கதவில் எழுதி ஒட்டுங்கள். டிராக் செயினுக்குள் சாதாரண கேபிள் வேண்டாம். அதற்கென்றே வளைந்து கொடுக்கும் கேபிள் உண்டு, விலை கூடத்தான், ஆனால் உள்ளே செம்பு முறிந்து எப்போதோ ஒருமுறை மட்டும் வரும் அலாரத்தைத் தேடி வந்த வயர்மேனுக்குக் கொடுக்கும் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்பிண்டில் மோட்டார் கேபிளும் என்கோடர் கேபிளும் ஒரே டக்டில் படுக்கக்கூடாது. ஷீல்டின் பின்னலைச் சேர்த்து முறுக்கி வால் மாதிரி நீட்டாமல், கிளாம்ப் போட்டு முழு வட்டமாகப் பிடிக்க வேண்டும். எர்த் லக்குக்கு அடியில் பெயிண்டைச் சுரண்டுங்கள். புதுப் பெயிண்ட் அடித்து மினுமினுப்பாக்கிய பேனலில் எர்த் பெயிண்டின் மேல் உட்கார்ந்திருப்பதை எத்தனையோ இடத்தில் பார்க்கிறேன்.

கண்ட்ரோலரை மாற்றலாமா என்று கேட்பீர்கள். பழையது உயிரோடு இருந்து, போர்டு ரிப்பேர் செய்யும் ஆளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், மாற்றாதீர்கள். உங்கள் ஆபரேட்டருக்கு அது தெரியும், உங்கள் புரோகிராம்கள் அதில் ஓடும். செத்துவிட்டதென்றால் டிரைவைப் பாருங்கள். பிளஸ் மைனஸ் 10 வோல்ட் கட்டளை வாங்கும் பழைய அனலாக் டிரைவ் என்றால் அதை வைத்துக்கொண்டு கண்ட்ரோலரை மட்டும் மாற்ற வழி உண்டு. ஃபேனக்கின் டிஜிட்டல் சர்வோ என்றால் கண்ட்ரோலரும் டிரைவும் தங்களுக்குள் பேசும் பாஷை வேறு, பொதுவாக இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். அமெரிக்க அரசின் என்.ஐ.எஸ்.டி. நிறுவனத்தில் பிறந்த திட்டத்திலிருந்து வளர்ந்த லினக்ஸ்சி.என்.சி. இலவசமாகக் கிடைக்கிறது, வேலையும் நன்றாகச் செய்கிறது. அதை உட்கார்ந்து படிக்கிற பையன் உங்கள் வீட்டிலேயோ பட்டறையிலேயோ இருந்தால் தாராளமாகப் போடுங்கள். இல்லையென்றால் வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு நின்றால் போன் எடுக்க ஆள் வேண்டும்.

வயரிங் முடிந்த அன்று மெயினைப் போடச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். முதலில் மெகர். 500 வோல்ட்டில் பவர் சர்க்கியூட்டுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு மெகஓமுக்குக் குறையக்கூடாது. அதற்கு முன் டிரைவையும் கண்ட்ரோலரையும் கழற்றி வைத்தாக வேண்டும், மெகரின் 500 வோல்ட் அவற்றுக்குள் போனால் முடிந்தது. நெடுநாள் கரண்டே பார்க்காத டிரைவுக்கு முழு வோல்டேஜையும் ஒரேயடியாகக் கொடுக்காமல் டிம்மர்ஸ்டாட் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம், கெப்பாசிட்டர் மறுபடி பதமாக வேண்டும். பிறகு ஃபியூஸ் எல்லாவற்றையும் பிடுங்கி வைத்துக்கொண்டு கண்ட்ரோல் டிரான்ஸ்பார்மர் மட்டும், பிறகு 24 வோல்ட் மட்டும். மோட்டார் எதற்கும் கரண்ட் போகாத இந்த நிலையில் ஸ்டாப் பட்டன் ஒவ்வொன்றையும், லிமிட் சுவிட்ச் ஒவ்வொன்றையும் கையால் அமுக்கிப் பார்ப்போம். வயரைக் கழற்றியும் பார்ப்போம். சர்வோவுக்குக் கடைசியில்தான் கரண்ட், அதுவும் ஹெட்டுக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்து. என்கோடர் வயர் மாறியிருந்தால் ஆக்சிஸ் எதிர்ப்பக்கம் பாயும், அப்போது அந்த லிமிட் சுவிட்சும் சிவப்பு பட்டனும் ஏற்கெனவே பரீட்சை முடித்திருக்க வேண்டும்.

பக்கத்தில் வேடிக்கை பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மெயினை ஆஃப் செய்ததும் "ஆஃப் ஆயிடுச்சுல்ல" என்று டிரைவுக்குள் விரல் நீட்டாதீர்கள். 415-இல் நேராக ஓடும் டிரைவின் டி.சி. பஸ்ஸில் 560 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், 200 வோல்ட் வகை என்றால் 280, 300. கெப்பாசிட்டர் வடிவதற்கு நிமிடங்கள் ஆகும். டிரைவின் மேல் எழுதியிருக்கும் நேரம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நானே கை வைப்பேன். ஐ.டி.ஐ. முடித்து நேற்று சேர்ந்த பையனைத் தனியாக அந்தப் பேனலுக்கு முன்னால் நிறுத்திவிட்டு நீங்கள் டீ குடிக்கப் போகாதீர்கள்.

இனி கூலி விஷயம். வயரைக் கையில் பிடித்துக்கொண்டு, டெஸ்டரில் பெல் அடித்து, நோட்டில் எழுதிக்கொண்டு ஒரு ஆள் நின்றால், உங்களுக்கு அவர் சும்மா நிற்பதாகத் தோன்றுகிறது. அடுத்தவன் வந்து பழையதை வாரிப் போட்டுவிட்டு மளமளவென்று புது வயர் இழுத்தால் வேலைக்காரன் என்கிறீர்கள். பழைய வயரை வெட்டும் முன் அது எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுதாமல் விட்டால், லேடரில் இருக்கிற இன்புட்டுக்கும் மெஷினில் இருக்கிற சுவிட்சுக்கும் உறவு அறுந்துவிடும். அதை மறுபடி கண்டுபிடிக்க ஆகும் நாளுக்கும் கூலி உண்டு, அதையும் நீங்கள்தான் கொடுப்பீர்கள். எந்த வேகத்தில் இழுத்தாலும், செய்ததற்கு டிராயிங் வேண்டும். கம்ப்யூட்டரில் போட்டதுதான் வேண்டும் என்பதில்லை, கோடு போட்ட நோட்டில் பேனாவால் எழுதியது போதும். அதில் இருக்கும் வயர் நம்பரும் பேனலில் இருக்கும் வயர் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் பேசிய தொகையில் ஒரு பங்கை நிறுத்தி வையுங்கள், என்னிடமும்தான். டிராயிங் வந்ததும் அதில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நம்பரைத் தொட்டு, "இந்த வயரைக் காட்டுங்க" என்று கேளுங்கள். காட்டியதும், டேபிள் காலியாக மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த ஆளையே நிறுத்தி, ஸ்டாப் பட்டனின் ஒரு வயரை அவர் கையால் கழற்றச் சொல்லுங்கள். கரண்டில் கழற்றத் தயங்கினால் ஆஃப் செய்துவிட்டுக் கழற்றட்டும், பிறகு பச்சை பட்டனை அமுக்கச் சொல்லுங்கள். மெஷின் நின்றுவிட்டாலோ, ஸ்டார்ட் ஆகாவிட்டாலோ மீதிப் பணத்தைக் கொடுத்து அனுப்புங்கள். ஓடினால் மறுநாள் காலையில் அவரையே வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேட்டையில் பேனல் வயரிங் செய்து பிழைக்கும் ஒருவன்,
கோயம்புத்தூர்